பிள்ளையின் சளிக்கு அன்டிபயோட்டிக்: மருந்து இருந்தும் வேலை செய்யாத நாள் வரலாமா?

சிறுபிள்ளைகளுக்கு வருடத்தில் ஐந்தாறு தடவை சளியும் இருமலும் வருவது வழமை. அவற்றில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. வைரஸை அன்டிபயோட்டிக் எதுவும் செய்யாது. ஆனாலும் நான் பார்க்கும் பிள்ளைகளில் பலர், வைத்தியசாலைக்கு வர முன்னரே பாமசியில் வாங்கிய அல்லது வீட்டில் மிச்சமிருந்த அன்டிபயோட்டிக் பாணியைக் குடித்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

இதற்காகப் பெற்றோரை ஏச எனக்கு மனம் வருவதில்லை. பொருளாதாரத் தடைக்காலத்தில் மருந்துக்கு அலைந்தவர்கள் நாங்கள். 2009இல் வன்னியில் மருந்தில்லாமல் உயிர்கள் போனதைக் கண்டவர்களும் எங்களிடையே இருக்கிறார்கள். அப்படி வாழ்ந்தவர்கள் மிச்ச மருந்தை எறியமாட்டார்கள். பிள்ளை இருமினால் பொறுத்திருக்கவும் மாட்டார்கள். ஆனால் அந்தப் பயமே இப்போது இன்னொரு ஆபத்துக்கு வழிவிடுகிறது.

கிருமி எப்படித் தப்புகிறது?

பிள்ளைகளின் நியூமோனியாவுக்கும் காதுத் தொற்றுக்கும் முக்கிய காரணமான பற்றீரியாக்கள் இரண்டு: நியூமோகொக்கஸ், ஹீமோபிலஸ் இன்புளுவென்சா. இவை சுகமாக இருக்கும் பிள்ளையின் மூக்கிலும் தொண்டையிலும்கூட நோய் தராமல் குடியிருக்கும். தேவையில்லாமல் அன்டிபயோட்டிக் கொடுக்கும்போது மருந்துக்கு அடங்குபவை சாகின்றன. அடங்காதவை மிஞ்சிப் பெருகுகின்றன. பின் ஒரே பாயில் படுக்கும் சகோதரங்களுக்கும், முன்பள்ளியில் பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கும் தொற்றுகின்றன. மருந்தே குடிக்காத பிள்ளையும் இப்படிப் பாதிக்கப்படலாம்.

இரண்டும் தப்பும் வழிகள் வேறு. நியூமோகொக்கஸ், பெனிசிலின் வகை மருந்து பற்றிக்கொள்ளும் தன் புரதத்தின் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. அமொக்சிசிலினின் அளவைக் கூட்டிப் பல வேளைகளில் அதை வெல்லலாம். ஹீமோபிலஸ் மருந்தையே உடைக்கும் நொதியத்தைச் சுரக்கிறது. அங்கே அளவைக் கூட்டிப் பயனில்லை. கிளவுலனிக் அமிலம் சேர்ந்த மருந்து வேண்டும். எது, எவ்வளவு என்பதைப் பிள்ளையின் நிறையையும் நோயையும் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

திருத்த முடியுமா?

முடியும். பின்லாந்தில் தொண்டை நோயை உண்டாக்கும் ஸ்ரெப்ரோகொக்கஸ் கிருமிகளில் எரித்திரோமைசினுக்கு அடங்காதவை 1992இல் 16.5 வீதமாக இருந்தன. அவ்வகை மருந்தின் பாவனையை நாடு முழுவதும் குறைத்த பின், 1996இல் அது 8.6 வீதமாகியது. புதிய மருந்து எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

மறுபக்கம், 2019இல் மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களால் நேரடியாக உலகில் 12.7 இலட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை.

வீட்டில் செய்யவேண்டியவை

• வைத்தியரின் துண்டு இல்லாமல் அன்டிபயோட்டிக் வாங்கவேண்டாம். சட்டப்படியும் அப்படி விற்கக்கூடாது.

• சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியதை மட்டும் வைத்து அன்டிபயோட்டிக் கேட்கவேண்டாம். வைரஸ் சளியும் அப்படி மாறும். இருமல் இரண்டு மூன்று கிழமை இழுபடலாம்.

• எழுதித் தந்த அளவையும் நாட்களையும் நீங்களாக மாற்றவேண்டாம். கரைத்த பாணியின் மிச்சத்தை அடுத்த தடவைக்கோ அடுத்த பிள்ளைக்கோ வைக்கவேண்டாம்.

• 2, 4, 6 மாதங்களில் போடும் ஐங்கூட்டுத் தடுப்பூசியைத் தவறவிடவேண்டாம். ஹீமோபிலஸின் மிகக் கொடிய வகையை அது தடுக்கிறது.

• விறகு அடுப்புப் புகையும் சிகரெட் புகையும் பிள்ளையின் நெஞ்சைப் பலவீனப்படுத்தும். பிள்ளையை அவற்றிலிருந்து விலக்கி வையுங்கள்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

பிள்ளை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு முதல் 12 மாதம் வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ இருந்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு வாருங்கள். மூச்செடுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலும், பிள்ளை பால் குடிக்க முடியாமல் சோர்ந்தாலும், வலிப்பு வந்தாலும் இரவென்று பார்க்கவேண்டாம். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் மட்டும் இருந்தாலே போதும்.

அந்த வேளையில் அன்டிபயோட்டிக் உயிர் காக்கும் மருந்து. அன்றைக்கு அது வேலை செய்யவேண்டுமென்றால், சாதாரண சளிக்கு இன்று அதைக் கொடுக்காமல் இருக்கவேண்டும்.