வரையறையும் நான்கு உதாரணங்களும்

பிரிட்டன் லேபர் கட்சி யூத வெறுப்புக்கான வரையறையையே 2018-ல் நிராகரித்தது என்றுதான் நம்மில் பலருக்கு ஞாபகம். நடந்தது அதுவல்ல.

சர்வதேச ஹோலோகாஸ்ட் நினைவுக் கூட்டணி 2016-ல் ஏற்ற வரையறை சின்னது. கூடவே 11 உதாரணங்கள். 2018 ஜூலையில் லேபர் செயற்குழு வரையறையை எடுத்துக்கொண்டது. இஸ்ரேலைத் தொட்ட நான்கு உதாரணங்களை மட்டும் அப்படியே ஏற்கவில்லை. பாலஸ்தீனர்களுக்காகப் பேச முடியாமல் போகும் என்பது அவர்கள் வாதம். எங்களைப் புண்படுத்துவது எது என்று நீங்களா முடிவு செய்வது என்று கேட்டார்கள் யூதர்கள். ஜூலை 25-ல் மூன்று யூதப் பத்திரிகைகள் ஒரே முதல் பக்கத்தோடு வந்தன.

வேடிக்கை என்னவென்றால், இதன் மூல வாசகத்தை எழுதியவர்களில் முக்கியமான கென்னத் ஸ்டெர்ன், ஐரோப்பாவில் சம்பவங்களைக் கணக்கெடுக்கத்தான் அதை எழுதியதாகச் சொல்கிறார். (ரிட்டர்ன் படிவத்துக்கான வரையறையை வைத்து சார்ஜ் ஷீட் கொடுத்தால் என்ன ஆகும் என்று எங்கள் வங்கியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்!)

இந்த நுணுக்கம் செய்திகளில் காணாமல் போனது. மீடியா ரிஃபார்ம் கோயலிஷன் 250-க்கும் அதிகமான செய்திகளை அலசி, 90-க்கும் மேற்பட்ட தவறுகளைக் காட்டியது. அதற்குள், செப்டம்பர் 4-ல், கட்சி 11 உதாரணங்களையும் ஏற்றுவிட்டது.

அதற்காக எல்லாமே பத்திரிகைகள் கட்டிய கதை என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கட்சி சட்டத்தை மீறியது என்று 2020 அக்டோபரில் சமத்துவ, மனித உரிமைகள் ஆணையம் சொன்னது. பிரச்சினை மிகைப்படுத்தப்பட்டது என்று அன்றே அறிக்கை விட்ட முன்னாள் தலைவர் ஜெரமி கோர்பின் இடைநீக்கம் செய்யப்பட்டார். ஆணையம் மாதிரிக்கு எடுத்தவை 70 புகார்க் கோப்புகள். அவற்றில் 23 இடங்களில் தலைவர் அலுவலகத்தின் தலையீடு இருந்தது.