செக்கும் மரபும்

எண்ணெய் என்ற சொல்லைப் பிரித்தால் எள்+நெய். பிற எண்ணெய்கள் பெருகிய பின்னும் 'நல்ல' என்னும் அடைமொழி எள்ளின் எண்ணெய்க்கே வாய்த்திருக்கிறது. திருச்செங்கோட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் எள் ஏலம் இப்பகுதியில் பெயர்பெற்றது. இராசிபுரமோ நெய்க்குப் பெயர்போனது.

ஆனால் சேலம், நாமக்கல் மானாவாரி நிலங்களின் பாரம்பரியம் என்று நாம் போற்றும் கடலை எண்ணெய் பிற்கால வரவு. நிலக்கடலை தென்னமெரிக்கப் பயிர். வடதமிழகத்தார் அதை மணிலாக்கொட்டை என்றழைப்பதே அது கடல் கடந்து வந்த கதையைச் சொல்லும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு எண்ணெய், சோப்பு ஆலைகளின் தேவையே தமிழகத்தில் அதன் சாகுபடியைப் பெருக்கியது.

1937இல் டால்டா வந்தது. தாவர எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றி உறையவைத்த இந்த வனஸ்பதி, நெய் வாங்க இயலாதோரின் நெய்யாயிற்று. அதிலிருந்த டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்பது பல பத்தாண்டுகள் கழித்தே தெளிவாயிற்று. எண்ணெய், கொழுப்புகளில் அது 2 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்ற விதி 2022 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

இப்போது மரச்செக்கு திரும்பியிருக்கிறது. செக்கில் ஆட்டுவதால் மணமும் சில நுண்சத்துகளும் தங்கும். கொழுப்பு அமிலங்களின் விகிதம் மாறுவதில்லை. பூஞ்சை பிடித்த கடலையை ஆட்டினால் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சும் எண்ணெயில் இறங்கும். சுத்திகரிப்பு அதைப் பெருமளவு நீக்கிவிடும். ஆகவே செக்கு மரமா இரும்பா என்று கேட்குமுன், கடலை நன்கு காய்ந்ததா என்று கேட்பதே நலம். மரபு என்ற சொல் அதற்கு விடையாகாது.