அந்தோனியார் பிறந்த நகரின் கொடி

கோடி அற்புதராம் புனித அந்தோனியாரின் புதுமைகளை நம் பங்கு மக்கள் அறிவார்கள். இம்மலரிலும் பலர் போற்றியிருப்பார்கள். விழாக் குழுவினரின் அன்புக் கட்டளைக்கு இணங்கி, அவர் பிறந்த லிஸ்பன் மாநகரின் கொடியையும் சின்னத்தையும் பற்றி எழுதுகிறேன்.

கொடி, நடுவிலிருந்து எட்டுக் கூறுகளாக விரியும் வெள்ளையும் கறுப்பும். அதன்மேல் பொன்னிறக் கேடயம். பச்சையும் வெள்ளியுமாக ஏழு அலைகள், அவற்றின்மேல் பாய் சுருட்டிய கருங்கப்பல். அணியத்தில் ஓர் அண்டங்காக்கை, அமரத்தில் ஓர் அண்டங்காக்கை, ஒன்றையொன்று நோக்கியபடி. மேலே ஐந்து கோபுர மதில்முடி. போர்த்துகலின் மற்ற நகரங்களுக்கு வெள்ளியில் அமையும் இது தலைநகருக்கு மட்டும் பொன்.

1147இல் வாளால் வெல்லப்பட்ட இந்நகரம் தன் கேடயத்தில் வாளையோ அரசரையோ வைக்கவில்லை. ஒரு மறைசாட்சியின் உடலைச் சுமந்த கப்பலை வைத்தது. அவர் புனித வின்சென்ட்; சரகோசா ஆயர் வலேரியுசின் திருத்தொண்டர். ஆயருக்குத் திக்குவாய், ஆகவே அவருக்காக மறையுரைத்த நா வின்சென்டுடையது. (நம் அந்தோனியாரின் நா பதுவையில் அழியாதிருப்பதை இங்கே நினையாமல் இருக்க முடியுமா?) 304ஆம் ஆண்டளவில் வலேன்சியாவில் அவர் கொல்லப்பட்டார். வெளியே எறியப்பட்ட உடலை ஓநாய் அண்டவிடாமல் ஒரு காக்கை காத்ததைக் கவிஞர் புருதென்சியுஸ் பாடியிருக்கிறார். எலியாவுக்குக் கெரீத்து ஓடையருகே அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தவையும் (1 அர 17) காக்கைகளே. விதையாமலும் அறுக்காமலும் இறைவனால் உணவூட்டப்படுபவை என்று ஆண்டவர் சுட்டியவையும் (லூக் 12:24) அவையே.

பின்னாளில் வின்சென்டின் திருப்பண்டங்கள் போர்த்துகலின் தென்மேற்கு முனையில் இருந்தன என்பது மரபு. அங்கிருந்த காக்கைக் கோயிலை 12ஆம் நூற்றாண்டு அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசியே குறிப்பிடுகிறார். 1173இல் மன்னர் அபோன்சு என்ரிக்கசின் ஆணைப்படி அவை லிஸ்பனுக்கு வந்தபோது, இரு காக்கைகள் கப்பலோடு துணை வந்தன என்பார்கள்.

சுமார் 22 ஆண்டுகளுக்குப் பின் அந்நகரில் நம் புனிதர் பெர்னாந்து என்னும் பெயரோடு பிறந்தார். வின்சென்டின் பெயர் தாங்கிய மடத்தில்தான் துறவு வாழ்வைத் தொடங்கினார். 1220இல் மொரோக்கோவில் இரத்தம் சிந்திய பிரான்சிஸ்கன் துறவியரின் உடல்கள் கொயிம்பிராவுக்கு வந்தபோது, தாமும் அவ்வாறே சாக விரும்பி அச்சபையில் சேர்ந்து அந்தோனியார் ஆனார். அந்த ஏக்கத்தின் வித்து வின்சென்டின் வரலாறு என்பது என் துணிபு. மொரோக்கோ சென்று நோயுற்றுத் திரும்பிய அவரது கப்பலைப் புயல் சிசிலிக்குத் தள்ளியது. மறைசாட்சியாக விரும்பியவரை இறைவன் மறையுரைஞராக்கினார்.

லிஸ்பன் ஜூன் 13இல் நகராட்சி விடுமுறை விட்டு அந்தோனியாரைக் கொண்டாடுகிறது. கேடயத்தில் வின்சென்டின் கப்பலை வைத்திருக்கிறது. நாமோ நவநாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதோடு நின்றுவிடுகிறோம். இளைஞர்களே, புனிதரின் வரலாற்றையும் படியுங்கள். வரும் ஜனவரி 22, வின்சென்டின் திருநாளன்று, நம் ஆலயத்தில் ஒரு திருப்பலிக்கு விழாக் குழுவினர் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.