ஒரு செயப்பாட்டுவினையும் ஓர் அடகு நகையும்

ஆவடியிலிருந்து சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில், அம்பத்தூர் தாண்டியதும் சில நாள் ஒருவர் எழுந்து நிற்பார். கையில் கைப்பிரதிக் கட்டு இருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவரிடம் குனிந்து, “ஐயா, நீங்க இரட்சிக்கப்பட்டுட்டீங்களா?” என்பார். கள்ளிக்குப்பத்துக்காரர்களான எங்களுக்குப் பழகிப்போன கேள்விதான். பதில் சொல்லாமல் கைப்பிரதியை மட்டும் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்ளவும் பழகியிருக்கிறோம். எனக்கு அந்தக் கேள்வியைவிட அதன் இலக்கணம் பிடிக்கும்.

பேச்சுத் தமிழுக்கும் செயப்பாட்டுவினைக்கும் ஒத்துவராது. ‘கதவு திறக்கப்பட்டது’ என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை. அப்படியிருக்க, பள்ளிக்கூட வாசலே மிதிக்காத பாட்டியும் சபையில் சாட்சி சொல்ல எழுந்தால் ‘நான் இரட்சிக்கப்பட்டேன்’ என்றுதான் தொடங்குகிறாள். வேதாகமம் அவள் நாவில் ஏற்றிவைத்த வடிவம் அது. எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் இந்த வினையைக் கிரேக்கத்தில் செயப்பாட்டு வடிவத்திலேயே வைத்திருக்கிறார். எழுவாய் மனிதன், செய்தவர் கடவுள். வழி கிருபை, அதை வாங்கிக்கொள்ளும் கை விசுவாசம். இது மனிதனால் உண்டானதல்ல, ஈவு என்பது அவர் வாதம்.

கத்தோலிக்கர் இதையே மீட்பு என்பார்கள். 1995-இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பிலும் அந்தச் சொல்தான். நம் தெருக்களில் அந்தச் சொல் அதிகம் புழங்கும் இடம் அடகுக் கடை. கல்யாண நாள் நெருங்கும்போது ரசீதைத் தேடி எடுத்து, அசலையும் வட்டியையும் எண்ணிக் கட்டி, “நகையை மீட்டாச்சு” என்று பெருமூச்சு விடுகிறோம். பெட்டிக்குள் துணிப்பையில் முடங்கிக் கிடந்த வளையல் தன்னைத்தானே மீட்டுக்கொண்டு வராது. அதற்கு உரியவர் வந்து விலை கொடுத்தாக வேண்டும். மாற்கு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் இயேசு தம் உயிரைப் பற்றிப் பேசும்போது எடுத்தாளும் கிரேக்கச் சொல்லும் அடிமையை மீட்கக் கொடுக்கும் விலையைக் குறிப்பதே. அந்த விலை யார் கையில் போய்ச் சேர்ந்தது? ஆதித் திருச்சபைத் தந்தையரில் சிலர் ‘சாத்தான் கையில்’ என்றார்கள். கான்டர்பரியின் ஆன்செல்ம் 1098-இல் முடித்த நூலில் அதை மறுத்து, மனிதன் பட்ட கடன் கடவுளிடமே என்று வாதிட்டார். தமிழ் வேதாகமத்துக்கு உழைத்த பப்ரிசியுஸ் ஐயர் வேப்பேரியில் கடன் தொல்லையில் சிக்கிச் சிறைக்கே போனவர். மீட்பின் விலை என்னவென்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை.

வளையலுக்கு மனம் கிடையாது, மனிதனுக்கு உண்டு. கடவுளே எல்லாம் செய்கிறார் என்றால் அவனுக்கு என்ன வேலை?

இந்தக் கேள்வி நம் பக்கத்துக்குப் புதிதல்ல. பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பிகள் காஞ்சி வரதராசருக்கு ஆலவட்டம் வீசியவர். இராமானுசரின் ஐயங்களுக்கு அவர் வழியாகப் பெருமாள் ஆறு வார்த்தைகளில் பதில் தந்ததாக வைணவ மரபு சொல்கிறது. சரணாகதியே வழி என்பது அவற்றில் ஒன்று. சாகும் நேரத்தில் நினைவு தப்பினாலும் பாதகமில்லை என்பது இன்னொன்று. பின்வந்தவர்கள் அந்தச் சரணாகதியின் உள்ளே புகுந்து வழக்காடினார்கள். தாய்க்குரங்கைக் குட்டி பற்றிக்கொள்ள வேண்டும் என்றது வடகலை. பூனைதான் குட்டியைக் கவ்விக்கொண்டு போகிறது என்றது தென்கலை. ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ இந்த வழக்கில் லூத்தரின் குரலைக் கேட்டு, ஒரு நூலே எழுதினார். ஆனால் இரண்டையும் ஒன்றென்று சொல்லிவிட முடியாது. கிறிஸ்தவம் தேடுவது மறுபிறவிச் சுழலிலிருந்து விடுதலையை அல்ல, பாவத்தால் முறிந்த உறவு ஒட்டுவதை. அதற்கு ஆதாரமாக அது காட்டுவது பொந்தியு பிலாத்து ஆட்சியில் எருசலேமுக்கு வெளியே நிகழ்ந்த ஒரு சாவை.

இந்த இரண்டு கரைகளையும் அறிந்த தமிழர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. 1827-இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில், வைணவக் குடும்பத்தில் பிறந்தார். சாயர்புரத்தில் தமிழாசிரியராயிருந்தார். 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பனியனின் கதையைத் தழுவி அவர் பாடிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894-இல் வெளிவந்தது. பனியனின் பயணி முதுகில் மூட்டையோடு சிலுவையடிக்கு வருகிறான். அவன் முடிச்சைத் தொடவில்லை. மூட்டை தானே கழன்று உருண்டு கல்லறைக்குள் விழுகிறது. பனியன் அதைச் சில வரிகளில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். கிருஷ்ண பிள்ளையால் அப்படி நகர முடியவில்லை. கிறிஸ்துவின் பாடுகளை விரித்துப் பாடினார். மூட்டை எப்படிக் கழன்றது என்பதைவிட, அதை யார் சுமந்தார் என்பதே அவருக்குப் பெரிதாய்ப் பட்டிருக்கிறது. தழுவல் என்று சிலர் அந்நூலை ஒதுக்குவது இந்த இடத்தைப் படிக்காததால்தான்.

மேற்கில், மனிதனுக்கு என்ன வேலை என்ற இந்தக் கேள்விக்காகத் திருச்சபையே பிளந்தது. 1517-இல் லூத்தர் தொடங்கிய சண்டைக்கு 1547-இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் பதில் எழுதியது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன்களும் கத்தோலிக்கரும் ஒரே அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். மனிதன் ஏற்கப்படுவது கிருபையால் மட்டுமே, நற்செயல் அதன் கனி என்பது அதன் சாரம். ஆக, விசுவாசத்தைப் பேசிய பவுலோடு, நற்செயலை வற்புறுத்திய யாக்கோபுக்கும் இடம் கிடைத்தது.

நம் தெருக்களில் மிஞ்சியிருப்பது தண்ணீர் வழக்கு. தென்னிந்தியத் திருச்சபையிலும் கத்தோலிக்க ஆலயத்திலும் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்போதே தலையில் நீர் வார்க்கிறார்கள். அதன் பங்குக்கு விசுவாசத்தை அறிக்கையிடுவது பெற்றோரும் ஞானப்பெற்றோரும். பெந்தெகொஸ்தேயார், விசுவாசித்தவனே முழுக வேண்டும் என்பார்கள். ‘ஞானஸ்நானம் எடுத்தேன்’ என்பது அவர்கள் பேச்சு. இங்கே மட்டும் வினை செய்வினையாகிவிடுகிறது.

அப்படி எடுத்த ஒருவருக்குத் துண்டு பிடித்துக்கொண்டு கரையில் நின்றிருக்கிறேன். இடுப்பளவு நீர். வெள்ளை வேட்டி உடம்போடு ஒட்டியிருந்தது. பாஸ்டர் ஒரு கையை அவர் முதுகுக்குக் கொடுத்தார். மறு கையால், மார்பில் குவிந்திருந்த அவர் கைகளைப் பற்றினார். “முழங்காலை விறைக்காதீங்க, அப்படியே சாயுங்க” என்றார். இவர் தானாகவே குனிந்து முழுகப் போனார். பாஸ்டர் நிமிர்த்தி நிறுத்தி, மறுபடியும் பின்னால் சாய்த்தார்.