பிச்சைக்கு உதவாத கைகள்



வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை என்றால் என் நினைவுக்கு உடனே வருபவர் டாக்டர் பால் பிராண்ட். ஆங்கிலேய மிஷனரி தம்பதியின் மகனாக 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946இல் அறுவை சிகிச்சை மருத்துவராக வேலூருக்கு வந்தார்.

அன்று தொழுநோயாளியைச் சொந்த உறவுகளே தொடமாட்டார்கள். பிராண்டோ அவர்களின் கையைத் தன் கையில் வாங்கி, விரல் விரலாக அசைத்துப் பார்த்தார். சதை அழுகித்தான் விரல் போகிறது என்று நம்பிய காலம் அது. அவர்களின் அன்றாட வாழ்க்கையைக் கவனித்து, வேறு காரணம் கண்டார். நரம்பு பழுதானதால் வலி தெரிவதில்லை. சூடு பட்டாலும் தெரியாது. தூக்கத்தில் எலி கடித்தாலும் தெரியாது. அதற்காகப் பூனை வளர்க்கச் சொன்னார்!

1947 முதல், தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தினார். ஆனால் குணமானவர்கள் திரும்பி வந்து குறைப்பட்டார்கள். இந்தக் கையைப் பார்த்து யாரும் பிச்சை போடுவதில்லை, வேலையும் தருவதில்லை!

அவர் அலுத்துக்கொள்ளவில்லை. மருத்துவம் படிக்குமுன் தச்சுவேலையும் கட்டட வேலையும் கற்றவர் அல்லவா? 'நவஜீவ நிலையம்' என்ற சிறு குடியிருப்பு உருவானது. நிமிர்ந்த கைகள் அங்கே தச்சுவேலை பழகின.

தொழுநோய் இன்று முழுமையாகக் குணமாகும். அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் உடனே காட்டுங்கள். குணமானவர் வேலை கேட்டு வந்தால், கையைப் பார்த்து முகம் திருப்பாதீர்கள். மருத்துவர் செய்த பாதி வேலைக்கு மீதி நம்மிடம்தான் இருக்கிறது.