திசுப் பொருத்தமும் திட்டுகளின் ஆயுளும்: சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து ஒரு மறுபார்வை

ஆத்தூரிலிருந்து ராசிபுரம் வரை குச்சிக்கிழங்கு பணப்பயிர். அதன் ஜவ்வரிசியை விற்பதற்கென்றே 1981இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. இந்தக் கிழங்கின் பெயர் ஒரு காலத்தில் சர்க்கரை நோய் ஆய்விலும் அடிபட்டது. கேரளத்திலும் தமிழகத்திலும் கணையக் குழாயில் கல் சேர்ந்து, கணையம் நார்த்துப்போய், இளவயதிலேயே சர்க்கரை நோய் வருவதற்குக் கிழங்கிலுள்ள சயனைடு காரணமாகலாம் என்று 1979இல் மக்மில்லனும் கீவர்கீசும் எழுதினர். கிழங்கு உண்ணாத இடங்களிலும் அந்நோய் காணப்பட்டது. பின்னர் ஸ்பிங்க்1 என்னும் மரபணுவின் மாற்றமும் பல நோயாளிகளிடம் தெரிந்தது. குச்சிக்கிழங்கின் மீதான பழி பெருமளவு நீங்கிவிட்டது. ஆனால் அந்த விவாதம் விட்டுச்சென்ற ஒரு தெளிவு இன்றும் உதவும்: ஒரே பெயரில் வழங்கும் நோய்க்குள் வெவ்வேறு அழிவுகள் நடக்கின்றன. கொடையாளரின் திசு வகை பொருந்தினால், நோயாளிக்குப் பதித்த கணையத் திட்டுகள், அதாவது இன்சுலின் சுரக்கும் செல்கள் அடங்கிய சிறு கூட்டங்கள், நீடிக்குமா என்னும் கேள்வியையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும். என் வாதம் இது: திசு வகை, முதலில் பதித்த திட்டுகளின் ஆயுளைவிட, அந்த நோயாளிக்கு அடுத்து வரவேண்டிய உறுப்பின் வாய்ப்பையே அதிகம் தீர்மானிக்கிறது.

பொருத்தம் முழுமையாக அமைந்த நிலையை முதலில் பார்ப்போம். தீராத கணைய அழற்சிக்குக் கணையத்தையே அகற்றி, அதிலிருந்து பிரித்தெடுத்த திட்டுகளை அதே நோயாளியின் கல்லீரலுக்குச் செல்லும் சிரைக்குள் செலுத்தும் முறை அமெரிக்காவின் மினசோட்டாவில் 1977இல் தொடங்கியது. தன் திசு தனக்கே என்பதால் நிராகரிப்புக்கு இடமில்லை. தன்னெதிர்ப்பு நோயும் பெரும்பாலும் இல்லை. ஆயினும் 2012இல் அங்குள்ள சதர்லேண்ட் குழு வெளியிட்ட 409 பேரின் கணக்கில், மூன்றாண்டுக்குப் பின் இன்சுலின் ஊசியின்றி இருந்தவர்கள் சுமார் 30 விழுக்காடு. இன்னொரு 33 விழுக்காட்டினரிடம் திட்டுகள் ஓரளவு வேலை செய்தன. மீதிக் குறைவுக்குத் திசு வகையைக் குற்றம் சொல்ல முடியாது. நார்த்த கணையத்திலிருந்து கிடைக்கும் திட்டுகளே குறைவு. கிடைத்தவற்றிலும் ஒரு பங்கு, இரத்தத்தில் கலந்த உடனே எழும் அழற்சியில் மடிகிறது. நம் பகுதியின் கல் படிந்த கணையத்துக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். சர்க்கரை நோய் முற்றியபின் மீட்க அதிகம் மிஞ்சியிருக்காது.

உடலின் எதிர்ப்பாற்றலே இன்சுலின் செல்களை அழிக்கும் முதல் வகைச் சர்க்கரை நோயில் கதை வேறு. அங்கேதான் மிகக் கூர்மையான சான்று கிடைக்கிறது. 1980களில் அதே மினசோட்டாவில், ஒரே கருவில் தோன்றிய இரட்டையரில் நோயற்றவரின் கணையத்துண்டை நோயுற்றவருக்குப் பொருத்தினர். இதைவிட நெருங்கிய திசுப் பொருத்தம் உலகில் இல்லை. பத்துப் பொருத்தமும் பார்த்து முடித்த கல்யாணம் என்றே சொல்லலாம். எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மருந்து தரப்படாதவர்களுக்குச் சில வாரங்களிலேயே சர்க்கரை நோய் திரும்பியது. திசுவை எடுத்துப் பார்த்தபோது இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் மட்டும் அழிந்திருந்தன. பக்கத்திலிருந்த குளுக்ககான் செல்கள் தப்பியிருந்தன. அந்நியத் திசுவென்று உடல் தள்ளியிருந்தால் இப்படித் தேர்ந்தெடுத்து அழித்திருக்காது. பழைய நோய்தான் புதிய கணையத்தைத் தேடிவந்தது. பின்னர் மருந்துடன் செய்த இரட்டையர் மாற்றுகள் நீடித்தன. எதிர்ப்பாற்றலின் டி செல்கள் தம் இலக்கை, திசு வகையைத் தீர்மானிக்கும் எச்.எல்.ஏ. மூலக்கூறின் மீது ஏந்திய நிலையில்தான் அடையாளம் காண்கின்றன என்பதால், பொருத்தம் நெருங்க நெருங்க நிராகரிப்பு குறையலாம். ஆனால் பழைய நோயின் டி செல்களுக்கு இலக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். பொருத்தத்தை நன்மை என்று மட்டும் கொள்ள முடியாததற்குக் காரணம் இதுவே.

கனடாவின் எட்மண்டனில் 2000ஆம் ஆண்டு ஷாப்பிரோ குழு, ஸ்டீராய்டு இல்லாத மருந்து முறையுடன், கொடையாளர்களின் திட்டுகளைப் பதித்த முதல் வகை நோயாளிகள் 7 பேரையும் ஊசியிலிருந்து விடுவித்தது. திசுப் பொருத்தம் பார்க்கப்படவில்லை. இரத்த வகை ஒத்திருந்தால் போதும் என்பதே வழக்கம். ஐந்தாண்டுக் கணக்கு 2005இல் வந்தபோது ஊசியின்றி இருந்தவர்கள் ஏறத்தாழ 10 விழுக்காடு. ஆனால் சி-பெப்டைடு, அதாவது திட்டுகள் உயிரோடிருப்பதன் அடையாளம், 80 விழுக்காட்டினரிடம் இருந்தது. இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்காமல் முறையைத் தோல்வி என்பவர்கள் அவசரப்படுகிறார்கள்.

அப்படியானால் திசு வகையை மறந்துவிடலாமா? முடியாது. ஒரு நோயாளிக்குப் போதிய திட்டுகள் சேர இரண்டு, மூன்று கொடையாளர்கள் தேவைப்படுவதால், அவர் உடல் பல அந்நிய எச்.எல்.ஏ. வகைகளை ஒருசேரச் சந்திக்கிறது. மருந்து இருக்கும்வரை அவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருள் ஓரளவு அடங்கியிருக்கும். எட்மண்டனின் 2007 ஆய்வில், திட்டுகள் செயலிழந்து மருந்தை நிறுத்திய 14 பேரில் 10 பேர், கொடையாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் திசுவை ஏற்க முடியாத அளவுக்கு எதிர்ப்பொருள் கொண்டவர்களாக மாறியிருந்தனர். நீண்ட நாள் சர்க்கரை நோயாளிக்கு நாளை சிறுநீரகம் தேவைப்படலாம். தமிழகத்தில் மூளைச்சாவு அடைந்தோர் தரும் உறுப்புகள் டிரான்ஸ்டான் பட்டியல் வழியே பகிரப்படுகின்றன. அந்தப் பட்டியலில் பெயர் ஏறியும் குறுக்குப் பொருத்தச் சோதனையில் இந்த எதிர்ப்பொருளால் ஒவ்வொரு முறையும் விலக்கப்படுபவருக்கு, நாமக்கல்லில் டயாலிசிஸ் நாற்காலிதான் மிஞ்சும்.

பொருத்தம் பார்த்தே திட்டுகளைக் கொடுக்கலாமே என்பது எதிர்வாதம். எடுத்த கணையத்தைச் சில மணி நேரத்துக்குள் பிரித்தாக வேண்டும். அத்தனை வகைகளும் ஒத்த இருவரோ மூவரோ வரக் காத்திருந்தால் எவருக்கும் எதுவும் கிடைக்காது. பொருத்தத்தைத் தேடுவதைவிட, கொடையாளர்களின் எண்ணிக்கையைக் குறைப்பதும், ஒரே பொருந்தாத வகை திரும்பத் திரும்ப வராமல் பார்ப்பதும் நடைமுறைக்கு ஒத்தவை. வலுவான எதிர்வாதம் ஸ்வீடனின் உப்சாலாவிலிருந்து 2025இல் வந்தது: எச்.எல்.ஏ. வெளிப்பாட்டை மரபணுத் திருத்தத்தால் நீக்கி, எதிர்ப்பாற்றலின் தாக்குதலைத் தடுக்கும் சி.டி.47 புரதத்தைக் கூட்டிய திட்டுகள், ஒடுக்கும் மருந்தே இல்லாமல் ஒரு நோயாளியின் முன்கைத் தசையில் பிழைத்தன. அடையாளத்தை அழித்ததும் பிழைத்தனவே, ஆக அடையாளம்தானே பகை என்பார்கள். ஆனால் அந்த மூலக்கூறுகளை நீக்கும்போது நிராகரிப்பின் கண்ணோடு பழைய நோயின் கண்ணும் சேர்ந்தே மறைக்கப்படுகிறது. எது எவ்வளவு உதவியது என்று இந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல இயலாது. பதித்த அளவும் சிறியது. அவர் இன்சுலின் போடுவதை நிறுத்தவில்லை.