ராத்திரியில் ரயிலைப் படம் பிடிச்சவர்

போன பங்குனி அமாவாசைக்கு முந்தின ராத்திரி, மணி மூணு இருக்கும். கையில் ஒரு பிளாஷை வச்சுக்கிட்டு என் கிணத்துமேட்டில் நின்னுக்கிட்டு இருந்தேன். எங்க ஊர்ப் பையன் ஒருத்தன், பக்கத்து டவுனில் கல்யாண போட்டோ எடுக்கிறவன், வரப்பில் ஸ்டாண்டு போட்டு கேமராவை வச்சிருந்தான். கிணத்தோரம் நிக்கிற பழைய கமலைக் கல் ரெண்டும், அதுக்கு மேலே தென்கிழக்கில் ஏறி வர்ற பால்வீதியும் ஒரே படத்தில் வரணுமாம்.

"பெரியப்பா, கல்லுக்குப் பின்னாடி மறைஞ்சு நில்லுங்க. நான் சொன்னதும் ஒரே ஒரு தடவை பட்டனை அமுக்குங்க, போதும்" என்றான்.

"ஏன்டா, கேமரா மேலயே பிளாஷை மாட்ட முடியாதா? அதுக்கு ஒரு ஆளா?"

மாட்டலாமாம். ஆனா கேமரா பக்கத்திலிருந்தே வெளிச்சம் போனா கல்லு சுவத்தில் ஒட்டின போஸ்டர் மாதிரி தட்டையா விழும். பக்கவாட்டிலிருந்தோ பின்னாடியிருந்தோ வந்தாத்தான் கல்லோட வளைவு, உளி பட்ட தழும்பு எல்லாம் தெரியும். இன்னொரு விஷயமும் சொன்னான். நட்சத்திரம் மங்கல் என்பதால் கேமரா 20 விநாடி கண்ணை மூடாம பார்த்துக்கிட்டே இருக்கணும். அதுக்கு மேலே விட்டா பூமி சுத்துற சுத்தில் நட்சத்திரம் புள்ளியா இல்லாம கோடா இழுத்துடும். பிளாஷ் அடிக்கிறதோ கண் சிமிட்டுற நேரம்கூட இல்லை. அந்த ஒரு மின்னலில் கல்லு பதிஞ்சுடும், மிச்ச நேரமெல்லாம் வானம் பதியும்.

மேகம் ஒண்ணு குறுக்கே வந்ததால் கொஞ்சம் உட்கார்ந்தோம். அப்போ போனில் ஒரு படம் காட்டினான். திறந்தவெளி சினிமா, வரிசை வரிசையா கார். முன்னால் இருக்கிற காரில் ஒரு பையனும் பொண்ணும். எதிரே திரையில் ஜெட் விமானம் பறக்குது. அதுக்குப் பக்கத்தில், கொட்டகை ஓரமாவே, வெள்ளை வெளேர்னு புகையைக் கக்கிக்கிட்டு ஒரு நீராவி ரயில் போகுது. கம்ப்யூட்டரில் ஒட்டினதுன்னு நினைச்சேன். 1956-ல் எடுத்ததாம். அன்னைக்கு ஆரம்பிச்சு, எடுத்தவரைப் பத்தித் தேடித் தேடிப் படிச்சேன். அதைத்தான் எழுதலாம்னு உட்கார்ந்தேன்.

ராத்திரியைப் படம் பிடிக்கிற ஆசை கேமரா பிறந்தப்பவே வந்துடுச்சு. 1840-லேயே அமெரிக்காவில் ஜான் டிரேப்பர் என்பவர் நிலாவை எடுத்திருக்கார். 1850-ல் ஹார்வர்டு வானியல் கூடத்தில் பெரிய தொலைநோக்கி வழியா ஒரு நட்சத்திரத்தைப் பிடிச்சாங்க. நம்ம பஞ்சாங்கத்தில் அபிஜித்னு சொல்ற அதே நட்சத்திரம். அது காத்திருந்து வாங்குற படம். இன்னொரு கூட்டம் காத்திருக்காம வெளிச்சத்தைக் கையோட கொண்டுபோச்சு. 1887-ல் ஜெர்மனியில் மெக்னீசியப் பொடியில் மருந்து கலந்து பளிச்சுனு எரிய விடுற வித்தையைக் கண்டுபிடிச்சாங்க. கிட்டத்தட்ட நம்ம வாணவெடிதான். கை சுட்டுக்கிட்டவங்க நிறைய. 1930 வாக்கில்தான் அதை ஒரு கண்ணாடி பல்புக்குள்ளே அடைச்சாங்க. ஒரு தடவை எரிஞ்சா பல்பு குப்பைக்கு.

அந்த பல்பை வச்சு விளையாடினவர்தான் வின்ஸ்டன் லிங்க். 1914-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். படிச்சது சிவில் இன்ஜினியரிங், பொழைப்பு கம்பெனிகளுக்கு விளம்பரப் படம் எடுக்கிறது. 1955 ஜனவரியில் ஏதோ கம்பெனி வேலையா வர்ஜீனியா மாநிலத்தின் ஸ்டான்டன் ஊருக்குப் போனவர், வேலை முடிஞ்ச சாயங்காலம் பக்கத்து ஊரான வேய்ன்ஸ்போரோவுக்கு ரயில் பார்க்கப் போயிருக்கார். நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் கம்பெனியோட ரயில். அந்த நேரத்தில் அமெரிக்கா முழுக்க டீசல் வந்தாச்சு. இந்த ஒரு பெரிய கம்பெனிதான் நிலக்கரி நாட்டு வழியா ஓடுறதால், கரியும் கையருகில் கிடைக்கிறதால், நீராவியை விடாம வச்சிருந்துச்சு. ரோனோக் ஊரில் இருந்த சொந்தப் பட்டறையிலேயே இன்ஜினும் செஞ்சுக்கிட்டாங்க. இதுவும் ரொம்ப நாள் நிக்காதுன்னு லிங்குக்குப் புரிஞ்சுபோச்சு. கம்பெனித் தலைவர்கிட்ட அனுமதி வாங்கினார். கூலி எதுவும் கேட்கலை. அஞ்சு வருஷத்தில் இருபது தடவை போல, சொந்தக் காசைச் செலவழிச்சுப் போய் வந்து, சுமார் 2,400 படம் எடுத்தார்.

ஏன் ராத்திரியில்? இதைத்தான் நான் ரொம்ப ரசிச்சேன். சூரியன் நமக்கு வேணும்கிற இடத்தில் நிக்காது. தண்டவாளமும் நகராது. ஆனா ராத்திரியில் வெளிச்சம் எங்கே வைக்கணும்னு முடிவு பண்றது நாம. நீராவி முன்னாலிருந்து வெளிச்சம் பட்டா சாம்பலா மங்கிப்போகும், பக்கத்திலோ பின்னாலோ இருந்து பட்டா பருத்தி வெடிச்ச மாதிரி வெளுக்கும். அதனால் தண்டவாளத்தின் இருபக்கமும், மரத்து மேலே, வீட்டுக் கூரை மேலேன்னு பல்புகளைக் கட்டி வச்சார். அந்த சினிமாக் கொட்டகை படம் எடுத்தது மேற்கு வர்ஜீனியாவில் யேகர் என்கிற ஊரில். அதுக்கு மட்டும் நாற்பதுக்கு மேல் பல்பு.

அத்தனைக்கும் கம்பி இழுத்து ஒரே வரிசையா கோத்திருக்கார். நம்ம கோயில் கொடையில் போடுற சீரியல் செட் மாதிரி. ஒரு பல்பு போச்சுன்னா எல்லாமே போச்சு. இன்ஜினியர் ஏன் இப்படிப் பண்ணினார்னு யோசிச்சேன். பாதி பல்பு எரிஞ்சு பாதி எரியாம இருந்தா படமும் வீண், எரிஞ்ச பல்புக் காசும் வீண். ஒண்ணு எல்லாம் எரியணும், இல்லைன்னா எதுவும் எரியக் கூடாது. சரிதானே? நாள் முழுக்க ஏணி ஏறி இறங்கி, கம்பியைச் சோதிச்சு, ரயில் வர்ற சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கணும். வந்ததும் ஒரே அமுக்கு, ஒரே மின்னல். அம்புட்டுதான் அன்னைக்குப் பொழுது.

ஆனா ஒண்ணு சொல்லணும். அந்தத் திரையில் பறக்கிற ஜெட் விமானம் அப்புறமா சேர்த்தது. அத்தனை பல்பு வெளிச்சத்தில் திரை வெளுத்துப்போனதால், விமானத்தைத் தனியாப் படம் பிடிச்சு அச்சுப் போடும்போது திரையில் சேர்த்திருக்கார். முன்னால் நிக்கிற காரும் அவரோடது. ஆட்களை அவர்தான் உட்கார வச்சார். இது ஏமாத்து இல்லையான்னு பையன்கிட்ட கேட்டேன். "கல்யாணத்தில் தாலி கட்டுறதையே ரெண்டாவது தடவை கட்டச் சொல்லி எடுக்கிறோம் பெரியப்பா" என்றான். எனக்கு அது முழுசா ஒப்பலை. ஆனாலும் ரயில் நிஜம், அந்த ஜனங்க நிஜம், அவங்க வீட்டு வாசலில் அது தினமும் போனதும் நிஜம்.

லிங்க் படத்தில் நட்சத்திரம் கிடையாது. பெரும்பாலும் வானம் கன்னங்கரேல்தான். பல்பு மின்னுற நேரத்துக்குள்ளே நட்சத்திரம் பதியாது. ஆனா பின்னாளில் 1987-ல் வந்த அவரோட புத்தகத்துக்கு 'நீராவி, எஃகு, நட்சத்திரங்கள்'னு அர்த்தம் வர்ற மாதிரி பேர் வச்சாங்க!

1960-ல் அந்தக் கம்பெனியும் நீராவியை நிறுத்திடுச்சு. லிங்கை உலகம் கொண்டாடினது 1980-களுக்கு அப்புறம்தான். 2001-ல் இறந்தார். 2004-ல் ரோனோக்கில் பழைய ரயில் நிலையத்திலேயே அவர் படங்களுக்கு ஒரு அருங்காட்சியகம் திறந்தாங்க.

அவர் பகலில் எடுத்த படம் ஒண்ணுதான் என்னைத் தூங்க விடலை. கிரீன் கோவ்னு ஒரு சின்ன ஸ்டேஷன். ரயில் வருது. பக்கத்தில் வண்டி பூட்டின வெள்ளைக் குதிரை ஒண்ணு தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது. போகப் போற ரெண்டு பேரும் ஒரே படத்தில்.

எங்க அப்பா இதே கிணத்தில் கமலை இறைச்சார். விடியக்காலம் மாடு ரெண்டையும் பூட்டி, வடத்து மேலே உட்கார்ந்து சரிவில் இறங்குவார். சால் மேலே வந்து தோல்வாய் வழியா தண்ணி கொட்டுற சத்தத்தில்தான் நான் முழிப்பேன். நான் எட்டாவது படிக்கையில் கரண்ட் மோட்டார் வந்துச்சு. அன்னைக்கு ஊரே சந்தோஷப்பட்டுச்சு, நானும்தான். மாட்டை வித்தோம். வடத்தை எதுக்கோ அறுத்தோம். அப்பா கமலை இறைக்கிற மாதிரி ஒரு படம்கூட எங்ககிட்ட இல்லை. ஊரில் யார்கிட்டயும் இல்லை. போட்டோக்காரர் கல்யாணத்துக்கு வருவார், சாவுக்கு வருவார். தண்ணி இறைக்கிறதை யார் எடுப்பா? அப்பா முகம் இருக்கிறது வாக்காளர் அட்டையில் மட்டும்தான். அதிலும் கண்ணு கூசி நிக்கிறார்.

மேகம் விலகுச்சு. நான் கல்லுக்குப் பின்னாடி போய்க் குத்தவச்சேன். மோட்டார் ரூம் எல்.இ.டி. விளக்கை முன்னமே அணைச்சாச்சு. நாலஞ்சு தடவை அடிச்சதில் ஒண்ணு சரியா வந்துச்சு. கல்லோட விளிம்பு ரெண்டும் வெள்ளிக் கோடு மாதிரி, மேலே பால்வீதி. ஆனா படத்தோட அடியில், ஊர்ப் பக்கம், வெளுப்பா ஒரு மூட்டம். தெருவிளக்கு வெளிச்சமாம். பால்வீதியோட கீழ்ப்பகுதியை அது தின்னுடுச்சு.

"இந்தப் பாதைக்கும் விளக்கு வரப்போகுதாமே பெரியப்பா, அப்புறம் இங்கே எடுக்க முடியாது" என்றான். வரப்போகுது. பாம்புக்குப் பயந்து மனுவில் முதல் கையெழுத்துப் போட்டதே நான்தான். அதை அவன்கிட்ட சொல்லலை.

அடுத்த அமாவாசைக்கு வர்றேன்னு சொல்லியிருக்கான். கம்பத்துக்கு இன்னும் குழி தோண்டலை.